மண்தடத்து ரேடியோ டிரக்: ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும்

ரேடியோவால் இயங்கும் பந்தய வண்டிகளில், அசலின் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள 'ஸ்டேடியம் டிரக்' மண்தடத்துக்கென்றே உருவானது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஏறத்தாழ 285 மி.மீ. இருக்கும், வெளிப்புற அகலம் 330 மி.மீ. அளவில் இருக்கும், பாட்டரியோடு சேர்த்து எடை இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மின்மோட்டார் பின்சக்கரங்களை மட்டுமே சுழற்றுகிறது. முன்சக்கரங்களுக்குத் திரும்பும் வேலை மட்டும்தான். இந்த அமைப்பிலிருந்துதான் இவ்வண்டியின் சிக்கல்கள் எல்லாம் கிளம்புகின்றன. எடையில் பெரும்பகுதி பின்னால் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை இழுத்ததும் மீதியிலும் ஒரு பங்கு பின்னால் சாய்கிறது. திரும்ப வேண்டிய சக்கரங்கள் அந்த நேரத்தில் மண்ணை லேசாகத் தொட்டுக்கொண்டு மட்டுமே இருக்கும்.

இவ்வகை வண்டியின் பிறப்பிடம் அமெரிக்கா. 1979-இல் மிக்கி தாம்ப்சன் லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம் விளையாட்டரங்குக்குள் மண்ணைக் கொட்டி, மேடும் பள்ளமுமாகத் தடம் அமைத்து, அதுவரை பாலைவனத்தில் ஓடிய வண்டிகளைப் பார்வையாளர்களின் கண்முன் ஓடவைத்தார். சிறிய வண்டிகளின் உலகம் வேறு வழியாக அங்கே வந்து சேர்ந்தது. 1984-இல் டீம் அசோசியேட்டட் நிறுவனம், ரோஜர் கர்ட்டிஸ் வடிவமைத்த ஆர்சி10 என்ற 'பக்கி' வகை மண்தட வண்டியை வெளியிட்டது. அலுமினிய அடித்தட்டு, ஆயில் நிரப்பிய ஷாக்குகள், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் என்று அது பொம்மைக்கும் பந்தய வண்டிக்கும் நடுவே ஒரு கோடு கிழித்தது. மறு ஆண்டே கலிஃபோர்னியாவின் டெல் மாரில் மண்தட ரேடியோ கார்களுக்கான முதல் உலகப் போட்டி நடந்தது. 1990களின் தொடக்கத்தில் இத்தகைய பக்கிகளுக்கு நீளமான சஸ்பென்ஷன் ஆர்ம்களும் பெரிய டயர்களும் பொருத்தி அகலப்படுத்தியபோது ஸ்டேடியம் டிரக் முழு வடிவம் பெற்றது. 2008-இல் டிராக்ஸஸ் நிறுவனத்தின் 'ஸ்லாஷ்' தொடங்கிவைத்த 'ஷார்ட் கோர்ஸ்' டிரக்குகள் இன்னொரு கிளை. அவற்றின் மூடிய கூடு தாவும்போது காற்றைப் பிடித்துக்கொள்ளும் என்பதைத் தவிர, கீழே சொல்லப்படும் விதிகளில் ஏறக்குறைய எல்லாம் அவற்றுக்கும் பொருந்தும்.

ரேடியோ ஆணைப்படி அசையும் சிறு மோட்டாரான சர்வோ முன்சக்கரங்களைத் திருப்புகிறது. வண்டியைத் திருப்புவது டயர்களின் பிடிப்பு. ஒவ்வொரு டயருக்கும் எவ்வளவு பிடிப்பு என்பதை, அந்தக் கணத்தில் அதன்மேல் எவ்வளவு எடை இருக்கிறது, டயர் எந்தச் சாய்வில் மண்ணைத் தொடுகிறது என்ற இரண்டும் முடிவுசெய்கின்றன. இரண்டையும் ஆள்வது சஸ்பென்ஷன். ஆகவே ஸ்டியரிங் வேறு, சஸ்பென்ஷன் வேறு என்று பிரித்துவைத்துச் சரிசெய்பவர் பாதி நேரத்தை வீணாக்குகிறார். முன்பக்கம் திரும்ப மறுக்கிறது என்று முன்பக்கத்தையே நோண்டிக்கொண்டிருக்கும்போது, குறை பின் ஸ்பிரிங்கிலோ பின் ஷாக்கின் ஆயிலிலோ இருப்பது இந்த விளையாட்டில் அன்றாட நிகழ்ச்சி.

வண்டி சிறியது என்பதால் வேலையும் சிறியது என்று நினைக்கக்கூடாது. அளவு பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, புவியீர்ப்பு சுருங்குவதில்லை. பெரிய டிரக் ஒன்று தன் எடையால் ஸ்பிரிங்கை 80 மி.மீ. அமுக்கி நிற்கிறது என்று கொண்டால், அது நொடிக்கு ஏறத்தாழ 1.75 முறை மேலும் கீழும் ஆடும். அதே விகிதத்தில் 8 மி.மீ. அமுங்கி நிற்கும் சிறிய டிரக்கோ நொடிக்கு ஐந்தரை முறைக்கு மேல் ஆடும். மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழும் அசல் வண்டி தரையைத் தொட 0.78 நொடி ஆகும், 30 செ.மீ. உயரத்திலிருந்து விழும் சிறிய வண்டிக்கு 0.25 நொடிதான். ஓட்டுபவரின் கண்ணும் விரலும் மட்டும் மாறாமல் அதே மனித வேகத்தில் இருக்கின்றன. மேலும் இச்சிறு வண்டிகள் அளவு விகிதத்தை மதித்து ஓடுவதில்லை. மணிக்கு 40 கி.மீ. வேகத்தைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. தம் உயரத்தைப் போலப் பல மடங்கு தாவுகின்றன. தவறான சஸ்பென்ஷனை விரல் வேகத்தால் ஈடுகட்ட இங்கே நேரமே கிடையாது.

எந்த அளவையும் மாற்றுமுன் வண்டி தடையின்றி அசைகிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு ஷாக்குகளையும் கழற்றிவிட்டு ஒவ்வொரு ஆர்மையும் தூக்கி விட்டால், அது தன் எடையாலேயே விழ வேண்டும். நடுவழியில் நின்றால் கீல் ஊசி வளைந்திருக்கலாம், துளையில் மண் புகுந்திருக்கலாம், சக்கரத்தின் மேற்பக்கத்தை வண்டியோடு இணைக்கும் மேல் தண்டின் பிளாஸ்டிக் கிண்ணம் குண்டை இறுக்கிப் பிடித்திருக்கலாம். இறுகிய கிண்ணத்தைக் குண்டோடு சேர்த்துப் பிளையரால் வெளியிலிருந்து மெல்ல அழுத்திவிட்டால் பெரும்பாலும் தளர்ந்துவிடும். இந்தச் சோதனையில் தேறாத வண்டிக்கு ஸ்பிரிங் மாற்றுவதில் பொருளில்லை. ஸ்பிரிங் செய்ய வேண்டிய வேலையை உராய்வு செய்துகொண்டிருக்கும். அந்த உராய்வும் இடப்பக்கம் ஓர் அளவாகவும் வலப்பக்கம் வேறோர் அளவாகவும் இருக்கும்.

ஸ்டியரிங்கில் இதற்கு நேர் எதிரான குறை வரும். அங்கே இறுக்கத்தைவிடப் பிளேதான் அதிகத் தொல்லை. சர்வோவின் பற்கள், மோதலில் அவற்றைக் காக்கும் ஸ்பிரிங் இணைப்பான சர்வோ சேவர், ஸ்டியரிங் மையத் தண்டுகளின் புஷ்கள், டை ராடுகளின் நுனிகள் என ஒவ்வோர் இணைப்பிலும் சிறிது பிளே சேர்ந்தால், நேர் பாதையில் முன்சக்கரங்கள் தம் விருப்பத்துக்கு அலையும். ஓட்டுபவர் அதைக் காஸ்டர் (திருப்ப அச்சின் சாய்வு) குறை என்றோ டயர் குறை என்றோ எண்ணிவிடுவார். ஒரு முன்சக்கரத்தைக் கையால் பிடித்து ஆட்டி, அசைவு எந்த இணைப்பில் தொடங்குகிறது என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. சர்வோ சேவரை வேண்டியவர்கள் இறுக்கிக்கொள்கிறார்கள். முழுக்க இறுக்கினால் மோதலின் அதிர்ச்சி நேரே சர்வோவின் பற்களுக்குப் போகும். மிகத் தளர்த்தினால், வளைவில் டயர் மண்ணைப் பிடிக்கும்போது சக்கரம் திரும்பாமல் சேவரின் ஸ்பிரிங் விரியும். ரேடியோவில் முழுத் திருப்பம் கொடுத்தும் வண்டி மெல்ல ஓடும்போது மட்டும் நன்றாகத் திரும்பி, வேகத்தில் மறுக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தச் சேவரைத்தான்.

சர்வோவை நடுநிலைக்குக் கொண்டுவருவதற்கு ஒரு முறை உண்டு. ரேடியோவில் எல்லாத் திருத்தங்களையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, சர்வோவின் அச்சை, அதில் மாட்டும் கொம்பு இல்லாமல், மின்சாரம் கொடுத்து நடுவில் நிறுத்த வேண்டும். 1.5 மில்லிநொடித் துடிப்பு நடு. 1-க்கும் 2-க்கும் அருகே இரு கோடிகள். பிறகு கொம்பை முடிந்தவரை செங்குத்தாகப் பொருத்த வேண்டும். அச்சின் பற்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: சான்வா, கேஓ வகைகளுக்கு 23, ஹைடெக்குக்கு 24, ஃபுட்டாபாவுக்கு 25. வேறு எண்ணிக்கை கொண்ட கொம்பை அழுத்திப் பொருத்தினால் சில ஓட்டங்களில் பல் தேய்ந்து நழுவும். பற்களின் இடைவெளியால் கொம்பு சரியாக நடுவில் நிற்காதபோது எஞ்சும் சிறு கோணத்தை மட்டுமே ரேடியோவின் சப்-டிரிம்மால் திருத்த வேண்டும். பெரிய கோணத்தை அப்படித் திருத்தினால் இடது திருப்பமும் வலது திருப்பமும் சமமாக இராது. இறுதியாக, சக்கரம் தன் எல்லையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்பே சர்வோ நிற்கும்படி முனை எல்லைகளை ரேடியோவில் குறித்துவிட வேண்டும். இல்லையேல் முழுத் திருப்பத்தில் சர்வோ எல்லையோடு மல்லுக்கட்டிச் சூடாகும்.

இனி ஷாக்குகள். சஸ்பென்ஷனில் அதிகப் பொறுமையும் அதிகக் கவனமும் கேட்பவை இவையே. ஒவ்வொரு ஷாக்கிலும் துளையிட்ட பிஸ்டன் ஒன்று சிலிகான் ஆயிலுக்குள் நகர்கிறது. ஆயில் எவ்வளவு கெட்டி, துளை எவ்வளவு பெரிது என்ற இரண்டும் சேர்ந்து தணிப்பைத் தீர்மானிக்கின்றன. ஆயில் புட்டிகளில் இருவகை எண்கள் காணப்படும். ஒன்று 30 வெயிட், 35 வெயிட் என்ற பழைய வழக்கம். இது நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று வேறுபடும். மற்றது சென்டிஸ்டோக்ஸ் என்ற அளவு, இதுவே நம்பத்தக்கது. அசோசியேட்டட் ஆயிலில் 30 வெயிட் என்பது 350 சென்டிஸ்டோக்ஸ். இரு நிறுவனங்களின் ஆயிலைக் கலந்து பயன்படுத்துபவர்கள் வெயிட் எண்ணை ஒப்பிட்டு ஏமாறுவதுண்டு. மண்தட டிரக்குக்கு முன்னால் 30 முதல் 35 வெயிட், பின்னால் அதைவிடச் சிறிது மெல்லியது என்பது தொடங்கத் தகுந்த இடம்.

துளையின் அளவு தரும் மாற்றத்தைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். இரண்டு துளை கொண்ட பிஸ்டனில் 1.6 மி.மீ. துளையை 1.7 மி.மீ. ஆக்கினால் ஆயில் செல்லும் பரப்பு 13 சதவீதம் கூடுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த மாற்றம் தடத்தில் உடனே தெரியும். கெட்டி ஆயில், பெரிய துளை என்ற இணையும், மெல்லிய ஆயில், சிறிய துளை என்ற இணையும் கையால் மெதுவாக அமுக்கும்போது ஒரேபோல் தோன்றலாம். தாவி விழும் வேகத்தில் அவை வேறு. சிறிய துளை வழியே ஆயில் விரைந்து வெளியேற முடியாமல் ஷாக் ஏறக்குறைய உறைந்துவிடும். பந்தயக்காரர்கள் இதைப் 'பேக்' ஆவது என்பார்கள். பெரிய தாவல்கள் உள்ள தடத்தில் அடித்தட்டு தரையில் மோதாமல் இது காக்கும். சிறு குழிகள் நிறைந்த தடத்தில் இதே குணம் சக்கரத்தை மண்ணிலிருந்து தட்டிவிடும். எந்தத் தடத்துக்கு எது என்று தீர்மானிக்கக் குழிகளையும் தாவல்களையும் எண்ணுவதைவிட, ஒரு சுற்றில் அதிக நேரம் போவது எங்கே என்று பார்ப்பது நல்லது.

ஷாக்கை நிரப்பும்போது பிஸ்டனைக் கீழே இறக்கி, ஆயிலை விளிம்புவரை ஊற்றி, மெதுவாக மேலும் கீழும் நகர்த்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். சில நிமிடம் நிமிர்த்தி வைத்தால் நுண்குமிழிகளும் மேலேறிவிடும். மூடிய பின் தண்டை முழுக்க உள்ளே தள்ளிவிட்டால் அது எவ்வளவு தூரம் தானே வெளியே வருகிறது என்பதை நான்கு ஷாக்குகளிலும் பார்க்க வேண்டும். இடமும் வலமும் ஒன்றாக இருப்பது கட்டாயம். ஒரு பக்கம் பாதிவரையும் மறுபக்கம் முழுவதுமாகவும் திரும்பி வந்தால் வண்டி இடப்பக்கம் ஒருவிதமாகவும் வலப்பக்கம் ஒருவிதமாகவும் திரும்பும். அந்தக் குறையை எந்த அலைன்மென்ட்டாலும் மறைக்க முடியாது. அமுக்கும்போது 'கிச் கிச்' என்று ஒலித்தால் உள்ளே காற்று இருக்கிறது. காற்றையும் ஆயிலையும் வேண்டுமென்றே கலக்கும் வகை ஷாக்குகள் மட்டும் இதற்கு விலக்கு. சூட்டில் சிலிகான் ஆயில் இளகும் என்பதால் குளிர்ந்த காலையில் சரியாக இருந்த ஆயில் வெயிலேறிய பின் மெலிந்து நடக்கும். பிற்பகல் ஓட்டத்துக்கு ஒரு படி கெட்டி ஆயில் போடுவது இதனால்தான்.

ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்குகிறது; ஷாக் அந்த எடை எவ்வளவு விரைவில் இடம் மாறுகிறது என்பதை ஆள்கிறது. இந்த வேறுபாட்டைக் கைக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். முன் ஸ்பிரிங்கை மென்மையாக்கினால் பிரேக் பிடித்து வளைவில் நுழையும்போது எடை முன்னே இறங்கி முன் டயர்கள் மண்ணை நன்கு கவ்வும். மிகவும் மென்மையாக்கினால் மூக்கு புதைந்து வண்டி மந்தமாகும். பின் ஸ்பிரிங்கை மென்மையாக்கினால் வளைவை விட்டு வெளியேறும்போது பின் டயர்களுக்குப் பிடிப்பு கூடும். அதற்கு விலையாக முன்பக்கம் லேசாகிவிடும்.

ஷாக்கின் அடிமுனையை ஆர்மில் எந்தத் துளையில் மாட்டுகிறோம் என்பதும் ஸ்பிரிங் மாற்றுவதற்குச் சமம். சக்கரத்தில் உணரப்படும் கடினம், ஷாக் மாட்டிய இடத்தின் விகிதத்தினுடைய வர்க்கத்தைப் பொறுத்தது. கீலிலிருந்து சக்கரம்வரை உள்ள தூரத்தில் 60 சதவீதத்தில் மாட்டியிருந்த ஷாக்கை 66 சதவீதத்துக்கு நகர்த்தினால், அதே ஸ்பிரிங் 21 சதவீதம் கடினமாக நடந்துகொள்ளும். ஸ்பிரிங் மட்டுமல்ல, தணிப்பும் கூடவே கூடுகிறது. ஒரு துளை தள்ளி மாட்டிவிட்டு 'ஸ்பிரிங் மாற்றவில்லையே' என்று நினைப்பவர் உண்மையில் இரண்டு மாற்றங்களைச் செய்துவிட்டார். மேல்முனையை அது மாட்டப்படும் டவரில் உள்நோக்கிச் சாய்த்தால் தொடக்க அசைவு மென்மையாகி, ஆழமாக அமுங்க அமுங்கக் கடினம் கூடும். நிமிர்த்தினால் முதலிலிருந்தே விறைப்பாக இருக்கும்.

ஓட்ட உயரத்தை அளக்கப் பாட்டரி, கூடு எல்லாம் பொருத்திய வண்டியைச் சில அங்குல உயரத்திலிருந்து தட்டையான பலகையில் விட்டு, தானாக நிலைகொள்ளவிட வேண்டும். கையால் தொட்டு வைத்த வண்டியில் உயரம் பொய் சொல்லும். பின்னால் ஓட்டத் தண்டுகளும் முன்னால் ஆர்ம்களும் தரைக்கு இணையாக இருப்பது வழக்கமான தொடக்க நிலை. வழுவழுப்பான, பிடிப்பு மிகுந்த தடத்தில் தாழ்த்தினால் வண்டி கவிழாது. குழிகள் மிகுந்தால் உயர்த்த வேண்டும். உயரத்தை ஸ்பிரிங்கின் மேல் வளையத்தைச் சுழற்றி மாற்றுகிறோம். வளையத்தை இறக்குவதால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது சரியல்ல. வண்டி உயர்கிறது, அவ்வளவே.

நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் எவ்வளவு கீழே தொங்க முடியும் என்ற அளவுக்கு டிரூப் என்று பெயர். ஷாக்குக்குள் சிறு வளையங்கள் போட்டு இதைக் குறைக்கலாம். முன்னால் டிரூப்பைக் குறைத்தால், ஆக்சிலரேட்டரை இழுக்கும்போது மூக்கு மேலே எழுவது தடுக்கப்பட்டு, வெளியேறும் வேளையில் ஸ்டியரிங் கிடைக்கும். பின்னால் குறைத்தால், பிரேக் பிடிக்கும்போது வால் தூக்குவது அடங்கும். இரண்டுமே வழுவழுப்பான தடத்துக்குத்தான் நல்லது. குழியில் சக்கரம் இறங்கி மண்ணைத் தொடர்ந்து தொடுவதற்கு டிரூப் வேண்டும்.

பின்பக்க அமைப்பை முன்பக்கத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பின்பக்கம் நம்பகமாக இல்லாத வண்டியில் முன்பக்கத்தைக் கூர்மையாக்குவது சுழன்று நிற்பதற்கு வழி. பின்சக்கரங்கள் இரண்டும் உள்நோக்கிப் பார்க்கும் டோ-இன் இவ்வகுப்பில் வழக்கமாக ஒரு பக்கத்துக்கு 3 டிகிரி. கூட்டினால் வால் அடங்கும், முன்னோக்கிய பிடிப்பு கூடும், திருப்பம் குறையும், நேர்பாதையில் சிறிது வேகம் போகும். பின் ஆர்மின் கீல் ஊசியில் முன்முனை பின்முனையைவிட உயர்ந்திருப்பது ஆன்ட்டி-ஸ்குவாட். பூஜ்யத்திலிருந்து 3 டிகிரிவரை வைப்பதுண்டு. கூட்டினால் ஆக்சிலரேட்டருக்குப் பின்பக்கம் குந்தாமல் உடனே பாயும். குழிகளில் அதே அமைப்பு பின்பக்கத்தைத் துள்ளவைக்கும். பின் ஹப்பை ஆர்மில் முன்னும் பின்னும் நகர்த்தும் சிறு வளையங்களுக்கும் நல்ல பலன் உண்டு. முன்னே தள்ளினால் பின்சக்கரங்கள்மேல் எடை கூடும், வழுக்கும் தடத்தில் உதவும். பின்னே தள்ளினால் வண்டி நீண்டு குழிகளில் நிதானமாகும், முன்பக்கத்துக்கும் எடையில் ஒரு பங்கு கிடைக்கும்.

முன்பக்கத்தில் முதலில் காஸ்டர். திருப்ப அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் அது. பின்சக்கர ஓட்டமுள்ள மண்தட வண்டிகளில் முன் ஆர்ம்களே முன்னோக்கி மேலெழும்பியிருக்கும். அந்த 25 டிகிரி அளவிலான கிக்-அப்போடு காஸ்டர் பிளாக்கின் கோணமும் சேர்ந்து மொத்தம் 25 முதல் 30 டிகிரியாகும். சாலைக் காரோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய எண். குழியில் மோதும் சக்கரம் மேலே மட்டும் போகாமல் சற்றுப் பின்னாலும் ஒதுங்க இடம் கிடைப்பதற்காகவே இந்தக் கிக்-அப். மொத்தக் காஸ்டரைக் குறைத்தால் வளைவில் நுழையும்போது வண்டி கூர்மையாகப் பாயும். கூட்டினால் நேர்பாதையில் நிதானமும், வளைவின் நடுவிலிருந்து வெளியேறும்வரை சீரான திருப்பமும் கிடைக்கும்.

கேம்பர், சக்கரத்தின் மேல்விளிம்பு உள்ளே சாயும் அளவு. நின்ற நிலையில் 1 முதல் 2 டிகிரி போதும். டயர் தேய்ந்த அடையாளம் அகலம் முழுதும் சீராக இருக்கிறதா என்று பார்ப்பதே இதற்கு நல்ல அளவுகோல். முன் டோ பூஜ்யம், அல்லது 1 டிகிரிவரை வெளிநோக்கி. வெளிநோக்கி வைத்தால் நுழைவில் சுறுசுறுப்பு, நேர்பாதையில் சிறிது அலைச்சல்.

வளைவில் உட்புறச் சக்கரம் வெளிப்புறச் சக்கரத்தைவிட அதிகம் திரும்ப வேண்டும் என்ற விதி குதிரைவண்டிக் காலத்தது. மியூனிக் நகரத்து வண்டி செய்பவரான லாங்கன்ஸ்பெர்கர் கண்ட அமைப்புக்கு ருடால்ஃப் அக்கர்மன் 1818-இல் லண்டனில் காப்புரிமை பெற்றார். பெயர் அவருக்கே நிலைத்துவிட்டது. 285 மி.மீ. நீளமும், திருப்ப அச்சுகளுக்கிடையே 250 மி.மீ. அகலமும் உள்ள டிரக் ஒரு மீட்டர் ஆரத்தில் வளைய உட்சக்கரத்துக்கு 18 டிகிரியும் வெளிச்சக்கரத்துக்கு 14 டிகிரிக்குச் சற்று மேலும் வேண்டும். இந்தக் கணக்கு மெதுவாக ஓடும் வண்டிக்குத்தான் அப்படியே பொருந்தும். பந்தய வேகத்தில் டயர்கள் வழுக்கிக்கொண்டே திரும்புவதாலும், பாரம் வெளிச்சக்கரத்தில் குவிவதாலும் முழு அக்கர்மன் எப்போதும் சிறந்ததல்ல. ஸ்டியரிங் ராக்கில் டை ராடு குண்டின் துளையை மாற்றி அக்கர்மனைக் கூட்டினால் வண்டி மென்மையாகத் திரும்பும். குறைத்தால் வேகமான வளைவில் வெளிச்சக்கரம் தீவிரமாக இழுக்கும்.

சக்கரம் மேலும் கீழும் போகும்போது தானாகவே திரும்பிக்கொள்ளும் குறைக்கு பம்ப்-ஸ்டியர் என்று பெயர். தாவி இறங்கியதும் வண்டி ஒரு பக்கமாக எகிறினால் இதைத் தேட வேண்டும். முன் ஸ்பிரிங்குகளைக் கழற்றி, வண்டியின் மூக்கை அமுக்கியும் தூக்கியும் முன்சக்கரங்களை மேலிருந்து பார்த்தால் போதும். அமுங்கும்போது விரல்கள் போல் விரிந்தாலோ குவிந்தாலோ, டை ராடின் குண்டுக்கடியில் ஒரு வளையத்தைச் சேர்த்தோ எடுத்தோ அது மறையும்வரை திருத்த வேண்டும். குறைந்த செலவில் அதிகப் பயன் தரும் வேலைகளில் இது ஒன்று. அப்படியிருந்தும் செய்யாமல் விடப்படுவதும் இதுவே.

மேல் தண்டுகள் கேம்பரை நிர்ணயிப்பதோடு வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிப் பக்கவாட்டில் சாய்கிறது என்பதையும் முடிவுசெய்கின்றன. உட்குண்டுக்கடியில் வளையம் சேர்த்து உயர்த்தினால் சாய்வு மையம் தாழும்; அந்த முனை அதிகம் சாயும், வழுக்கும் தடத்தில் அதிகம் பிடிக்கும். எடுத்தால் விறைப்பும் விரைவும் கூடும். தண்டு நீளமானால் கேம்பர் மெல்ல மாறும், வண்டி சமநிலையாக உணரப்படும், குட்டையானால் துடிப்பாகும். ஆன்ட்டி-ரோல் பார் பொருத்தினால் பொருத்திய முனையின் பிடிப்பு குறைந்து மறுமுனைக்குப் போகிறது. முன்னும் பின்னும் தராசின் இரு தட்டுகள். ஒன்றை ஏற்றாமல் மற்றதை இறக்க வழியில்லை. மண் தூளாகக் கிடக்கும் தடத்தில் இந்தக் கம்பிகள் தேவைப்படுவது அரிது. பிடிப்பு மிகுந்த களிமண்ணிலோ செயற்கைப் புல்லிலோ கவிழாமல் காக்க அவை வேண்டும்.

தடத்தில் வண்டியைப் படிக்கும்போது வளைவை மூன்றாகப் பிரித்துக் கேள்வி கேட்க வேண்டும். நுழைவில் முன்பக்கம் தள்ளிக்கொண்டு நேரே போகிறதா? எடை முன்னே வரவில்லை: முன் ஸ்பிரிங் கடினம், முன் ஆயில் கெட்டி, அல்லது பின் டிரூப் குறைவு. நடுவில் தள்ளுகிறதா? முன்பின் பிடிப்பின் சமநிலை தவறியிருக்கிறது: மேல் தண்டு, ஆன்ட்டி-ரோல் பார், பின் ஹப்பின் இடம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வெளியேறும்போது தள்ளுகிறதா? பின்னால் குந்துவது அதிகம்: பின் ஸ்பிரிங் மென்மை, முன் டிரூப் அதிகம். வால் வீசினால் இதே பட்டியலைத் திருப்பிப் படிக்கலாம். 'வண்டி திரும்பவில்லை' என்று ஒரே வாக்கியத்தில் சொல்பவருக்கு எவராலும் உதவ முடியாது. எந்த இடத்தில், ஆக்சிலரேட்டர் இழுத்திருக்கும்போதா விட்டிருக்கும்போதா என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. தாவலில் மூக்கு குத்தினால் முதலில் பின் ஷாக்கின் மீள்வேகத்தைப் பார்க்க வேண்டும். அது விரைந்து விரிந்து வாலை உதைக்கிறது. ஒரு படி கெட்டி ஆயில் அதை அடக்கும்.

ஒரு முறைக்கு ஒரு மாற்றம். அதுவும் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக. அரை மில்லிமீட்டர் வளையத்தின் விளைவைத் தேர்ந்த ஓட்டுநரே சந்தேகிப்பார். இரண்டு மில்லிமீட்டர் போட்டால் திசை தெரியும், பிறகு பாதிக்கு வரலாம். செய்ததை எழுதிவைக்கும் தாளில் ஸ்பிரிங்கின் நிறமும் ஆயிலின் எண்ணும் மட்டும் போதாது. மண் ஈரமா உலர்வா, எந்த டயர், அதற்குள் எந்தப் பஞ்சு, அது எத்தனை ஓட்டம் ஓடியது என்பனவும் வேண்டும். உலகப் போட்டியில் வென்றவரின் தாளை அப்படியே பெயர்த்து வைத்து ஏமாறுபவர்கள் மிகுதி. அந்தத் தாள் ஒரு தடத்துக்கும், ஒரு டயருக்கும், ஒரு கைக்கும் எழுதப்பட்டது.

டயரே எல்லாவற்றுக்கும் முந்தியது. முன்னால் நீளவாட்டில் வரி ஓடும் டயர்கள் பக்கவாட்டில் வழுக்காமல் திருப்பம் தருகின்றன. பின்னால் சிறு முளைகள் கொண்டவை மண்ணைக் குத்தி உந்துகின்றன. தூள் மண்ணுக்கு உயரமான, இடைவெளி விட்ட முளை. ஈரக் களிக்குத் தாழ்ந்த, நெருங்கிய முளை. காலையில் தண்ணீர் தெளித்த தடம் நண்பகலில் உலர்ந்து புழுதி எழும்போது, ஸ்பிரிங்கைத் தொடுமுன் டயரை மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் முன்பக்கம் தள்ளினால் முன் மேல் தண்டின் உட்குண்டுக்கு ஒரு வளையம் சேர்க்கலாம், வால் வீசினால் பின் ஹப்பை முன்னே நகர்த்தலாம். குழிகள் ஆழமாகிவிட்டால் ஓட்ட உயரத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏற்றி, ஆன்ட்டி-ஸ்குவாட்டை ஒரு டிகிரி குறைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்ப்பது முறை.